வீட்டுக்கு ஒரு பிள்ளை

கல்லேரிப்பட்டில் கடலை பிடுங்குகிற நேரம் பார்த்துத் தேர்தல் வந்து தொலைத்தது. "எதிராளி ஜெயிச்சா வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பட்டாளத்துக்குப் பிடிச்சுட்டுப் போயிடுவான்!" என்று ஊர் ஊராய் முழங்கிக்கொண்டிருந்தார் வேட்பாளர் தணிகாசலம். யாராவது ஒரு தாய் மேடையேறி அழுதால் ஓட்டு கொட்டும் என்று அவருக்கு யோசனை. கூட்டத்தில் நின்ற பச்சையம்மாவை மேலே ஏற்றி, கையில் மைக்கைத் திணித்தார்கள். "பிள்ளையைப் பட்டாளத்துக்குப் பறிகொடுத்த மாதிரி அழணும்" என்பது உத்தரவு.

பச்சையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில லாரி வந்துச்சுங்க. வீட்டுக்கு ஒரு பிள்ளை ஏறணும், இல்லன்னா குழாயில தண்ணி வராதுன்னாங்க. கடலைக்கொல்லையில நின்ன என் மவன் வரதனை ஏத்திக்கிட்டாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை மாட்டி, கையில கம்பைக் கொடுத்து, வெயில்ல வரிசையா நிறுத்தி வெச்சிருக்காங்க. குடிக்கத் தண்ணிகூடக் கொடுக்கல."

கூட்டம் உச்சுக்கொட்டியது. தணிகாசலத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மைக்கைப் பிடுங்கினார்.

"பாத்தீங்களா, தேர்தலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டான்! அந்தப் பிள்ளைங்க அத்தனை பேரும் இந்த நிமிஷமே வீட்டுக்குப் போகணும்! எங்கேம்மா வெச்சிருக்காங்க?"

"அதோ, உங்க கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

வரதன் கொடியை மேடையோரம் சாத்திவிட்டு நடந்தான். மற்றப் பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள்.

பச்சையம்மா கும்பிட்டாள். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க, நல்லா இருக்கணும் சாமி. சட்டையைத் துவைச்சுக் கொடுத்தனுப்புறேன்."