வீட்டு நம்பரையும் போடட்டுமா?

மோடம் கீச்சிட்டால்தான் இணையம் வரும் காலம் அது. காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் மரியபுஷ்பம் கணினி வேலைக்குச் சேர்ந்த புதிது. முதலாளி சொக்கலிங்கம் ஒரு சிடியை நீட்டினார்.

"ஊர்ப்பட்ட பேரோட மெயில் முகவரி இதுல இருக்கு. எல்லாருக்கும் தீபாவளி விளம்பரம் போகணும். முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"அனுப்பிடலாம் முதலாளி. ஆனா இவங்க யாரும் நம்மகிட்ட விளம்பரம் கேட்கலையே. வேண்டாம்னு சொல்றவங்க கூப்பிட உங்க வீட்டு நம்பரையும் போடட்டுமா?"

"வீட்டுக்கா? கண்டவனும் கூப்பிட்டா நான் நிம்மதியா இருக்க வேண்டாமா?"

"அந்த நிம்மதி அவங்களுக்கும் வேணும்ல, முதலாளி."

சொக்கலிங்கம் சிடியைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"கேட்டவங்களுக்கு மட்டும் அனுப்பும்மா."

அப்படிக் கேட்டு வாங்கிய வாடிக்கையாளர்களில் நானும் ஒருத்தி. அப்போதெல்லாம் ஒரு மெயில் வந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டுவேன்.