நெல்லிமரத்தின் இரண்டு பக்கம்

ஒரு காட்டில், மழை பொய்த்த வருஷத்தில், சரிவில் நின்ற ஒரே ஒரு நெல்லிமரம்தான் காய்த்தது. அது உதிர்க்கும் காய்களை நம்பித்தான் ஒரு புள்ளிமான் கூட்டம் உயிர் பிழைத்தது. தினமும் நடுப்பகலில் எல்லா மான்களும் சேர்ந்து காய்களைப் பங்கிட்டுத் தின்னும், மற்ற நேரம் காய்ந்த புல்தான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. மான்கள் வட்டமாகப் படுக்கும். வால் உள்ளே, முகம் வெளியே. மூத்ததும் இளையதும் கலந்து கிடக்கும். ஆபத்தைப் பார்த்த மான் குளம்பால் தரையைத் தட்டும். உடனே எல்லாம் ஓடிவிடும்.

திடீரென்று நெல்லிக்காய்கள் குறைய ஆரம்பித்தன.

"இளசுகளுக்குப் பொறுமை ஏது? அவைதான் திருடித் தின்கின்றன," என்றது முறுக்குக்கொம்பன். அது கூட்டத்திலேயே மூத்த ஆண்மான்.

"கிழடுகளுக்குத் தூக்கம் ஏது? படுத்தபடியே மேய்கின்றன," என்றது துள்ளி என்ற இளம் பெண்மான்.

அவ்வளவுதான், வட்டம் உடைந்தது. சரிவில் மரத்துக்கு மேல்பக்கம் இளசுகள் படுத்தன, கீழ்ப்பக்கம் கிழடுகள். இரண்டு கூட்டமும் ஒன்றன் வாயை ஒன்று உற்றுப் பார்த்துக்கொண்டே கிடந்தன.

கிழடு கொட்டாவி விட்டால், தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறது என்றன இளசுகள். குட்டி துள்ளினால், விளையாடும் சாக்கில் காய்ப்பக்கம் நகர்கிறது என்றன கிழடுகள். முறுக்குக்கொம்பன் ஈயை ஓட்டக் காதை ஆட்டினால்கூட அது ரகசியச் சைகை ஆகிவிட்டது. இந்த அழகில், காட்டுக்கு எல்லா மான்களும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

ஒருநாள் காலையில், கிழடுகளுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் புல் அசைவதைத் துள்ளி பார்த்தது. குளம்பைத் தட்டியது.

"பெரியவரே, உங்களுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது."

"நாங்கள் திரும்புவோம், நீ தின்பாய். அதுதானே?" என்றது முறுக்குக்கொம்பன். ஒரு கிழடும் திரும்பவில்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரம். துள்ளிக்குப் பின்னால் இருந்த புதரில் ஒரு மஞ்சள் வால்நுனி அசைந்தது. சிறுத்தை! ஒரே பாய்ச்சல் தூரம்தான். முறுக்குக்கொம்பன் குளம்பைத் தட்டியது.

"அசையாதீர்கள்," என்றது துள்ளி தன் கூட்டத்திடம். "நம்மை விரட்டிவிட்டுக் காயை வாரப் பார்க்கிறார்."

முறுக்குக்கொம்பனுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் எத்தனை முறை தட்டினாலும் நம்பமாட்டார்களே! அது எழுந்து இளசுகளை நோக்கி ஓடியது. காய்க்குத்தான் வருகிறது என்று இளசுகள் முணுமுணுத்தன.

ஆனால் அது காயைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. காய்களை மிதித்து நசுக்கிக்கொண்டே வந்தது. துள்ளி அதைக் கவனித்தது. திருட வந்தவர் காயை மிதிப்பாரா?

"ஓடுங்கள்," என்று கத்திக்கொண்டே பாய்ந்தது துள்ளி. இளசுகளும் சிதறி ஓடின. சிறுத்தையின் நகத்தில் துள்ளியின் வால்மயிர் கொஞ்சம்தான் சிக்கியது.

சிறுத்தை போனபிறகு கூட்டம் மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. முறுக்குக்கொம்பன் இப்போது துள்ளியின் பக்கத்தில், மேட்டில் நின்றது. அங்கிருந்து பார்த்தபோது, உதிர்ந்த காய் ஒன்று சரிவில் உருண்டு, கிழடுகள் படுக்கும் இடத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. அங்கே ஒரு முள்ளம்பன்றி அதைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது.

"நான் திருடவில்லை, தானாக உருண்டு வருகிறது," என்றது முள்ளம்பன்றி. "தினமும் இங்கேதான் தின்கிறேன். உங்களில் ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லையே."

முறுக்குக்கொம்பனுக்கு வெட்கமாகிவிட்டது. "நேற்று நீ காட்டியது இதைத்தானா, துள்ளி?"

"ஆமாம், பெரியவரே. இன்று நீங்கள் காட்டியதை நானும்தான் நம்பவில்லை."

அன்று கூட்டம் மறுபடியும் வட்டமாகப் படுத்தது. முறுக்குக்கொம்பனும் துள்ளியும் அருகருகே படுத்தன. கிழம் மெல்லக் கழுத்தை நீட்டித் துள்ளியின் வாயை மோந்து பார்த்தது. துள்ளியும் அதன் வாயை மோந்து பார்த்தது. இரண்டு வாயிலும் காய்ந்த புல்வாசம்தான் அடித்தது. பிறகு இரண்டும் காட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன.

நீதி: கிழவர் இப்படி, இளையவர் அப்படி என்று எதிரே நின்று முடிவு கட்டாதே, பக்கத்தில் இருந்து பழகிப் பார்.