கொடியை அறுத்த மலையணில்

ஆனைமலையின் ஈரமான சரிவு ஒன்றில் செம்பி என்ற மலையணில் குடியிருந்தது. அந்தச் சரிவில் ஒரு மரத்தைப் போல அடுத்த மரம் இருக்காது. வேங்கை, தான்றி, நாவல், ஈட்டி எல்லாம் கலந்து நிற்கும். அவற்றுக்குக் கீழே சிறு மரங்கள், அதற்கும் கீழே பிரம்புப் புதர், அடியில் பெரணி, அழுகும் சருகில் காளான். எத்தனை நாள் பார்த்தாலும் அலுக்காத காடு.

செம்பிக்கோ தன் வேங்கை மரத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. காட்டிலேயே உயரமான மரம் அது. சற்றுத் தள்ளித் தனியாக நின்றது. அதன் உச்சிக் கிளையில்தான் செம்பியின் கூடு. கூட்டில் ஒரே ஒரு குட்டி. பக்கத்துத் தான்றி மரத்திலிருந்து தடித்த கொடி ஒன்று வளர்ந்து வந்து வேங்கையைச் சுற்றியிருந்தது. செம்பி அடுத்த மரத்துக்குப் போக அந்தக் கொடி ஒன்றுதான் வழி.

மரநாய் ஒன்று பல நாளாக அந்தக் குட்டியின் மேல் கண் வைத்திருந்தது. இரண்டு முறை ஏறிப் பார்த்தது. இரண்டு முறையும் செம்பி குட்டியைக் கவ்விக்கொண்டு கொடி வழியே ஓடிவிட்டது. மூன்றாம் முறை மரநாய் கீழேயே நின்று மரியாதையாகப் பேசியது.

"அம்மணி, பழசை மறந்துடுங்க. இனிமே நான் எலியோட நிறுத்திக்கிறேன். உங்க மரம் ராஜா மரமுங்க. ஆனா அந்தக் கொடி கழுத்தை நெரிக்குதே, பாத்தீங்களா?"

மரத்தைப் புகழ்ந்துவிட்டால் போதும், செம்பிக்குத் தலைகால் புரியாது. அன்றைக்கே கொடியைக் கடிக்க ஆரம்பித்தது.

பிரம்புப் புதருக்குள் வசித்த, முயல் அளவே உள்ள சருகுமான் தலையை நீட்டியது. "செம்பி, பல்லைச் சும்மா வெச்சுக்கிட்டு இரு. அது போச்சுன்னா அவசரத்துக்கு எப்படித் தாண்டுவே?"

"முள்ளுக்குள்ள கிடக்கிறவ நீ. உசரத்துல நடக்கிறது உனக்கென்ன தெரியும்?" என்றது செம்பி. பிறந்ததிலிருந்து தரையில் கால் வைக்காத பெருமை அதற்கு.

மூன்றாம் நாள் காலையில் கொடி நடுவில் அறுந்தது. வேங்கைப் பக்கத்துத் துண்டு புதரை நோக்கித் தொங்கியது. செம்பி பல்லைத் துடைத்துக்கொண்டு தன் மரத்தை ஆசையாகப் பார்த்தது.

அப்போதே மரநாய் அடிமரத்தில் ஏற ஆரம்பித்துவிட்டது.

செம்பி குட்டியைக் கவ்விக்கொண்டு வழக்கமான கிளைக்கு ஓடியது. எதிரே வெறும் காற்று. தான்றி மரம் தாண்ட முடியாத தூரத்தில் நின்றது. கீழே மரநாயின் நகம் பட்டையைக் கீறும் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. தன் பல்லாலேயே தன் குட்டிக்குக் குழி தோண்டிவிட்டோம் என்று செம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம், அழக்கூட நேரமில்லை.

"தொங்குற துண்டைப் பிடிச்சு இறங்கு. எங்கிட்ட வா," என்று கீழிருந்து சருகுமான் கத்தியது.

தான் அறுத்த கொடியையே பிடித்துச் செம்பி இறங்கியது. முதன்முறையாகத் தரையில் கால் வைத்தது. சருகுமான் காட்டிய சந்து வழியாகப் பிரம்புக்குள் நுழைந்தது. பின்னாலேயே பாய்ந்து வந்த மரநாய் கண்மண் தெரியாமல் முள்ளில் முகத்தைக் கொடுத்தது. மூக்கெல்லாம் ரத்தம். முனகிக்கொண்டே போய்விட்டது.

மூச்சு வாங்கியதும் செம்பி சுற்றிலும் பார்த்தது. முள்ளுக்கு நடுவே, விரல் உயரத்தில் ஏழெட்டு வேங்கைக் கன்றுகள் நின்றன.

"இதுங்க எப்படி இங்க?"

"வேற எங்க நிக்கும்? வெட்டவெளியில முளைச்சா காட்டெருமை மேஞ்சிடும். இந்த முள்ளுதான் காவல். சருகுதான் சோறு. உன் ராஜா மரமும் ஒரு காலத்துல இப்படி முள்ளுக்குள்ள நின்னதுதான்."

செம்பி அண்ணாந்து பார்த்தது. கீழிருந்து அது வேங்கையைப் பார்த்ததே இல்லை. வேரைப் பெரணி மூடியிருந்தது, பெரணியைச் சருகு மூடியிருந்தது. மரம் முன்னைவிடப் பெரியதாகத் தெரிந்தது. "எவ்வளவு அழகு அக்கா," என்றது.

மழைக்குப் பிறகு தான்றியில் மிச்சமிருந்த கொடி துளிர்த்தது. கொழுந்தைக் கண்டால் கடிக்கத் துடிக்கும் பல் மலையணிலுக்கு. செம்பி தினமும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, கடிக்காமல் திரும்பி வந்தது.

உயர்ந்து நிற்பதைக் கண்டு வியக்கிறவர்கள், அதைக் காத்து வளர்த்த எளியவற்றையும் சேர்த்தே வியக்க வேண்டும்.