ஒன்றரைச் சுற்று

சென்னியப்பன் ஐம்பத்துநாலு வயதில் தொழில் கற்கப் போனார். இருபத்திரண்டு வருடமாக ஒரே டர்போ டீசல் காரில் வால்பாறை மலைக்கு வாடகை ஓட்டுகிறவர். அவருக்குக் குருவாக வாய்த்த ஷமீமாவுக்கு வயது முப்பத்திரண்டு. பழைய டீசல் என்ஜினின் பலத்தைக் கூட்டிக் கொடுப்பதில் கோயம்புத்தூர் பக்கம் அவளை மிஞ்ச ஆளில்லை. அவர் அவளை அம்மணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். யார் யாருக்குக் கற்றுத் தருகிறார்கள் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் குழம்புவார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

ஒருநாள் மலைப்பாதையில் ஒரு புதுக் கார்க்காரன் அவரைத் தாண்டிப் போனான். போகிற போக்கில் கண்ணாடியை இறக்கி, "பெருசு, ஓரமாப் போ" என்றான். தன்னைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு நேர்ந்த அவமானத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மணி, நம்ம என்ஜினுக்குள்ள இன்னும் எவ்வளவு பலம் இருக்குதுங்க?"

"நிறைய இருக்குதுங்ணா."

"நிறையன்னா எவ்வளவுங்க?"

"டீசலைக் கூட்டினா கூடவே காத்தையும் கூட்டணும். அதை முதல்ல கத்துக்குங்க. அளவை அப்புறம் சொல்றேன்."

அப்புறம் என்ற சொல் அவருக்கு ஆகவே ஆகாது. செவ்வாய்க்கிழமை அவள் வெளியே போயிருந்தபோது, டீசல் பம்பில் டீசலின் அளவைக் கூட்டும் திருகைத் தாமே ஒன்றரைச் சுற்று திருகிவிட்டார். காற்றைத் தொடவில்லை. இத்தனை வருடம் பழகிய வண்டி நம்மைக் கைவிட்டுவிடுமா என்ற தைரியம்தான். புதிதாக வந்தவன் இந்தத் தப்பைச் செய்யப் பயப்படுவான்.

மலையில் வண்டி பறந்தது. பின்னால் கிளம்பிய கரும்புகையில் பாதையே மறைந்துபோனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தொன்பதாவது வளைவில் முன்பக்கம் ஆவி சீறியது. வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. சென்னியப்பன் பாதையோரம் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

மறுநாள் காலையில் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஷமீமா பம்பைக் குனிந்து பார்த்தாள், புரிந்துவிட்டது.

"என்ஜின் ஹெட்டைக் கழட்டுங்ணா."

"பிஸ்டன் உருகியிருக்குமுங்க. கொன்னுட்டனுங்க அம்மணி. என்னால பாக்க முடியாதுங்க."

"நீங்கதான் கழட்டணும்."

ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். ஸ்பேனர் இரண்டு தரம் கீழே விழுந்தது. ஹெட்டைத் தூக்கி வைத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க."

ஹெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவிலிருந்த கேஸ்கெட் தகடு ஓரிடத்தில் கருகியிருந்தது. வேறொன்றும் ஆகவில்லை. நாலு பிஸ்டனும் முழுசாக இருந்தன. கீழே இறங்கி நின்ற ஒரு பிஸ்டனுக்கு மேலே, சிலிண்டரின் உட்சுவரில் ஷமீமா டார்ச் அடித்தாள்.

"என்ன தெரியுது?"

"குறுக்கும் மறுக்குமா மெல்லிசாக் கோடு இருக்குதுங்க."

"ஆயில் பிடிச்சு நிக்கட்டும்னு கீறி விட்டது. என்ஜினைச் செஞ்ச அன்னைக்குப் போட்ட கோடு."

"செஞ்ச அன்னைக்கா? ஆறு லட்சம் கிலோமீட்டர் பிஸ்டன் மேலயும் கீழயும் தேச்சும் அழியலீங்களா?"

"அழியல."

அவர் விரலை உள்ளே விட்டு மெல்லத் தடவினார். உடம்பு சிலிர்த்தது. பூமியின் சுற்றளவு எவ்வளவோ அதைப்போலப் பத்துப் பதினைந்து மடங்கு ஓடிய என்ஜின், நேற்றுப் பிறந்ததுபோல் இருந்தது. தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கோயிலில்கூட அவர் இப்படி நின்றதில்லை.

விரலை வெளியே எடுத்துக்கொண்டு கேட்டார்.

"இது எவ்வளவுதாங்க தாங்கும்?"

"முறையாக் கூட்டினா, இப்ப இருக்கறதைப்போல ரெண்டு மடங்கு."

"அப்புறம் ஏனுங்க செஞ்சவங்க பாதியோட நிறுத்தினாங்க? மீதியை யாருக்குங்க எடுத்து வெச்சாங்க?"

ஷமீமா டார்ச்சை அணைத்தாள்.

"நீங்க திருகிவிட்ட செவ்வாய்க்கிழமைக்குத்தானுங்ணா."