ஒரு விரற்கடை வேர்

“சாமி, புல்லு பட்டுப்போச்சு.”

ஆவுடையப்பன் பையைக்கூடக் கீழே வைக்காமல் குருவின் முன்னால் வந்து நின்றார். அப்போதுதான் மகள் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்.

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டின் நடுவில் இருந்தது அந்த ஆசிரமம். தியான மண்டபத்தின் முன்னால் ஒரு புல்தரை. எட்டு வருஷமாக அது ஆவுடையப்பனின் பொறுப்பு.

அணைக்கட்டு வேலையில் ஓவர்சீயராக இருந்து நூறு பேரை ஏவியவர் அவர். மனைவி இறந்த வருஷம் வேலையை விட்டு, பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். வயது அறுபத்திரண்டு. குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஞானத்துக்கு வயது கிடையாது என்று ஆசிரமத்தில் சொல்வார்கள். முழங்கால் வலிக்கு மட்டும் உண்டு.

“எத்தனை நாள் இங்க இல்லை நீங்க?”

“நாலே நாள் சாமி. மருமகனுக்குப் பதினாறாம் நாள் காரியம். போயிட்டு வாரதுக்குள்ள இப்படி ஆயிட்டு.”

“மக எப்படி இருக்கா?”

“இருக்கா சாமி. அவ விஷயமாவும் ஒண்ணு கேக்கணும். முதல்ல இந்தப் புல்லுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

முப்பத்தொரு வயதில் புருஷனைப் பறிகொடுத்த மகளுக்கு முன்னால் புல் வந்து நின்றது. எழுத எனக்கே கசக்கிறது. ஆனால் அப்படித்தான் கேட்டார்.

“புல்லுக்கு என்ன செஞ்சீங்க?”

“ஒரு குறையும் வைக்கலை சாமி. அக்னி வெயிலாச்சேன்னு காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பூவாளியில தெளிச்சேன். ஒரு நாள் தப்பலை. வாரம் ரெண்டு தடவை ஒட்ட வெட்டினேன். மஞ்சள் தட்டின இடத்துல யூரியா போட்டேன்.”

குரு எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் அடியில் சாண் உயரத்துக்குப் புல் பச்சையாக நின்றது. அந்தப் பக்கம் யாரும் அதிகம் போவதில்லை.

“இது என்ன புல்லு?”

“அருகம்புல்லுதான் சாமி. முன்னால நட்டதுல மிஞ்சினதை இங்க எறிஞ்சேன்.”

“யாரு தண்ணி விடுதா?”

“யாரும் விடலை. பத்து நாளைக்கு ஒருக்கத் தொட்டியைக் கழுவித் திறந்துவிடுவாங்க. அது நின்னு மண்ணுல இறங்கும். வெட்டுறதும் கிடையாது.”

குரு வெட்டினார். மண்வெட்டி இறங்கிய ஆழத்துக்கும் கீழே வேர் போயிருந்தது. மறுபடி வெட்டினார். அதற்கும் கீழே போயிருந்தது. குழிக்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது விரலில் ஈர மண் ஒட்டியிருந்தது.

பிறகு இருவரும் முன்பக்கம் வந்தார்கள். அங்கே மண்வெட்டியே தேவைப்படவில்லை. குரு இரண்டு விரலால் இழுத்தார். புல் பாய்போல உரிந்து வந்தது. அடியில் இருந்த வேர் ஒரு விரற்கடை.

“தினமும் ஊத்தினேனே சாமி!”

“அதான். தினமும் மேலேயே கிடைச்சுது. கீழே எதுக்குப் போகணும் அது?”

ஆவுடையப்பன் உரிந்த புல்லைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“பிழைக்குமா?”

“தப்பினது பிழைக்கும். விடியறதுக்கு முன்னால நல்லா ஆழமா ஊற விடுங்க. அப்புறம் வாடுற வரைக்கும் கிட்டப் போகாதீங்க. வெட்டாதீங்க, உரம் போடாதீங்க. வளர்ந்து அதோட நிழல்லயே அது நிக்கட்டும்.”

குரு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

“மக விஷயம் என்னமோ கேக்கணும்னீங்களே.”

“காரியம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு வடிவு கேட்டா சாமி. ‘அப்பா, இந்த வீட்டுல இனி நானும் பிள்ளையும் அதிகப்படி. பேச்சு ஆரம்பிச்சாச்சு. நம்ம வீட்டைத் திறங்க. மூணு பேரும் இருந்துக்கிடுவோம். வரட்டுமா?’ன்னா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன்.”

“அவ?”

“சாப்பிட்ட இலையை எல்லாம் எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போயிட்டா. நான் கிளம்பும்போது வாசலுக்குக்கூட வரலை.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

கையிலிருந்த புல்லைத் திருப்பி வேரைப் பார்த்தார்.

“எட்டு வருஷம் சாமி. காலையில கஞ்சியா பழமான்னு கேட்டேன். மூக்குக்கண்ணாடி மாத்தவான்னு கேட்டேன்.”

“ஆமா.”

“எல்லாத்துக்கும் பதில் சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“பேரனுக்குக் காது குத்துனாங்க. தாய்மாமன் இல்லாத பிள்ளை. நான்தான் மடியில வச்சிருந்திருக்கணும். போகவான்னு உங்ககிட்ட கேட்டேன்.”

குரு விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்தார்.

“வேண்டாம்னீங்க. ஏன் சாமி பதில் சொன்னீங்க? ‘ஏன்யா, இதுகூட உமக்குத் தெரியாதா’ன்னு ஒரு நாள் என்னை விரட்டியிருக்கலாமே!”

குரு தரையைப் பார்த்தார்.

“தினமும் ஒரு ஆள் வந்து கேட்டு நின்னா நல்லா இருக்கு அண்ணாச்சி” என்றார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டார். “எனக்கும் நல்லா இருந்தது.”

ஆவுடையப்பனுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதில் முக்கால்வாசி தன்மேலேயே இருந்தது.

“அப்போ, இப்ப நான் என்ன...” என்று ஆரம்பித்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

கையில் இருந்த மண்ணைக்கூடத் துடைக்காமல் செல்போனை எடுத்தார். முதல் தடவை மகள் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுத்தாள்.

“வடிவு, நாளைக்கே பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பி வந்துரு. நான் இன்னைக்கே போய் வீட்டைத் திறக்கேன். இனிமே நாம மூணு பேரும் அங்கதான்.”

அந்தப் பக்கம் பிள்ளை எதற்கோ சிணுங்குவது மட்டும் கேட்டது.

“வடிவு? கேக்குதாம்மா?”

“கேக்குதுப்பா” என்றாள் அவள். “சாமி சரின்னு சொல்லிட்டாகளா?”