தேய்ந்த சோப்பும் கோமு காக்கையும்

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசி, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி, பக்கத்து வீட்டைப் பற்றிப் புறம் பேசிக்கொண்டு திரிந்த நாளில், ஒரு குளக்கரையில் பெரிய மருதமரம் ஒன்று நின்றது. அதன் உச்சிக் கிளையில் கோமு என்ற காக்கை, புருஷன் சுடலையோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடியிருந்தாள். கீழே அடிமரப் பொந்தில் பூரணம் என்ற மைனா தன் பிள்ளைகளோடு இருந்தாள். கோமு அடை காத்தபோது பூரணம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். பூரணத்தின் பொந்தில் பாம்பு தலையை நீட்டியபோது கோமுதான் கத்தி ஊரைக் கூட்டினாள். அவ்வளவு சிநேகம்.

குளக்கரையில் கடை வைத்திருந்தது ஓர் ஆமை. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. பூந்திக்கொட்டையையும் பயத்தமாவையும் மஞ்சளையும் இடித்துப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவில் உருட்டிக் காயவைத்து விற்பார். குளிக்கிற உருண்டை என்று பெயர். ஒரு உருண்டைக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை நெல். பறவைகளுக்கு அந்த நெல்தான் எல்லாமே. அறுப்புக் காலத்தில் வயலில் பொறுக்கியதைச் சேர்த்து வைத்தால்தான், ஐப்பசி அடைமழையில் வெளியே போக முடியாத நாளில் பிள்ளைகள் வயிறு நிறையும்.

தை மாதம் ஒரே நாளில் கோமுவும் பூரணமும் போய் ஆளுக்கொரு உருண்டை வாங்கி வந்தார்கள்.

கோமு குளிப்பது குளத்துக்கே தெரியும். உருண்டையை எடுத்தாளானால் உச்சி முதல் வால் வரை தேய்ப்பாள். நுரை கழுத்துக்கு மேல் எழும்பும். அலசுவாள், மனசு ஆறாது, மறுபடியும் தேய்ப்பாள். தண்ணீர் மஞ்சளாகிக் கெண்டை மீன்களெல்லாம் கண் எரிகிறது என்று மறுகரைக்கு ஓடும். குளித்து முடித்ததும் உருண்டையை ஈரப் படிக்கட்டிலேயே போட்டுவிட்டுப் பறந்துவிடுவாள். அது பாதி கரைந்து கிடக்கும். பதினோராம் நாள் உருண்டை தீர்ந்தது. சேர்த்த நெல்லிலிருந்து ஒரு சிரட்டை எடுத்துப் போய் இன்னொன்று வாங்கினாள். பிறகு இன்னொன்று.

புரட்டாசிக் கடைசி வந்தது. சுடலை நெல் வைத்திருந்த கிளைப் பொந்தை எட்டிப் பார்த்தான். அடியில் இரண்டு கைப்பிடி கிடந்தது.

"கோமு, மழைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்ல. இத வச்சு பிள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்க?"

"அதுக்கு நான் என்ன செய்ய? அழுக்கோட திரியச் சொல்லுதீங்களா?"

"அழுக்கோட யாரு திரியச் சொன்னா? கீழ் வீட்டுப் பூரணத்தப் பாரு. தையில வாங்குன உருண்டை இன்னும் அவகிட்ட இருக்கு. நீ இதோட இருபது வாங்கியாச்சு. கொஞ்சம் கொறச்சுத் தேச்சா என்ன?"

அவ்வளவுதான். நெல் தீர்ந்தது கோமுவின் காதில் ஏறவில்லை. 'பூரணத்தப் பாரு' என்றது மட்டும் ஏறியது.

"அப்போ அவளையே கட்டியிருக்க வேண்டியதுதான?" என்று ஒரே கத்து. சுடலை அடுத்த கிளைக்குப் போய் உட்கார்ந்தான்.

கோமு கீழே பார்த்தாள். பொந்து வாசலில், வெயில் படும் இடத்தில், ஒரு காய்ந்த சுள்ளியின்மேல் பூரணத்தின் உருண்டை இருந்தது. தேய்ந்து நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. ஆனால் இருந்தது! அதே தை மாதம் வாங்கியது! கோமுவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ஒரே கடை, ஒரே நாள், ஒரே சிரட்டை. எனக்குப் பதினோரு நாள், அவளுக்கு ஒன்பது மாதமா?

நேரே கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, பூரணத்துக்கு மட்டும் வேற உருண்டை குடுத்திருக்கீகளா?"

ஆமை மாவுக் கையோடு தலையை நீட்டினார். "எல்லாம் ஒரே மாவு, ஒரே கை. ஏன் கேக்க?"

"அவளுக்கு மட்டும் தேயவே மாட்டேங்குதே?"

"தேச்சாத்தான தேயும்," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவருக்கென்ன, கோமு மாதிரி நாலு பேர் இருந்தால்தான் கடை ஓடும்.

கோமு நம்பவில்லை. தலையை இழுத்துக்கொண்டாரே, அதுவே சரியில்லை என்று பட்டது. இரண்டு பேரும் சேர்ந்துதான் மறைக்கிறார்கள். மறுநாள் காலை புங்க மரத்து இலைக்குள் ஒளிந்து பூரணம் குளிப்பதைப் பார்த்தாள்.

பூரணம் முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக முங்கிச் சிறகை உதறினாள். தூசி அதிலேயே போய்விட்டது. பிறகு உருண்டையை ஒரே ஒரு தடவை காலில் தொட்டுத் தேய்த்தாள். அலகில் ஒரு இழுப்பு. கண்ணோரம் ஒரு தொடல். அவ்வளவுதான். எங்கே அழுக்குப் படுமோ, எங்கே பார்க்கிறவர் கண் படுமோ, அங்கே மட்டும். அலசிக்கொண்டு, உருண்டையைத் தூக்கிச் சுள்ளிமேல் காயவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். காலும் அலகும் கண்ணோரமும் மஞ்சள் பூசி வெயிலில் பளிச்சென்று இருந்தன.

கண் முன்னால் நடந்ததைக் கோமு பார்த்தாள். பார்த்தும் அவள் மனசு என்ன சொன்னது தெரியுமா? 'நான் பாக்குறது தெரிஞ்சுட்டு நடிக்கா. இந்தத் தொட்டுக்கோ துடைச்சுக்கோவில இவ்வளவு மினுக்கு எப்படி வரும்? அந்த உருண்டையில என்னமோ இருக்கு.' பொறாமை பிடித்த கண்ணுக்கு எதிரில் இருப்பது தெரியாது. அதற்கு வேண்டியதுதான் தெரியும்.

பூரணம் வயலுக்குப் போன நேரம் பார்த்துக் கோமு சர்ரென்று இறங்கினாள். சுள்ளிமேல் இருந்த உருண்டையைக் கொத்திக்கொண்டு குளத்துக்குப் பறந்தாள். பத்து வருஷச் சிநேகம் அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. உச்சி முதல் வால் வரை தேய்த்தாள். அலசினாள். மறுபடியும் தேய்த்தாள். நெல்லிக்காய் மிளகாயிற்று. மிளகு நுரையாயிற்று. நுரை தண்ணீரோடு போயிற்று. தலையைக் குனிந்து தண்ணீரில் தன்னைப் பார்த்தாள். நேற்று இருந்த அதே கோமுதான் தெரிந்தாள்.

நிமிர்ந்தபோது படிக்கட்டில் பூரணம் நின்றாள்.

"கோமுக்கா," என்றாள். "கேட்டிருந்தா நானே பாதி தந்திருப்பேனே."

மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் முதலில் கோபம் வரும். "ஆமா, தருவ! நல்லத உள்ள ஒளிச்சு வச்சுட்டு, வெளிய ஒண்ணத்துக்கும் ஆகாதத வச்சு ஊர ஏமாத்துத. இதுல ஒண்ணுமே இல்லியே! நெசத்த எங்கடி வச்சிருக்க?"

"என்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான் அக்கா."

"பொய்!"

பூரணத்துக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். "உருண்டை போனா போகுது. வானம் கருத்துட்டு வருது. உங்க வீட்டுல நெல்லு இல்லைன்னு சுடலை அண்ணன் சொன்னாரு. எனக்கு மிச்சமானதுல எட்டுச் சிரட்டை உங்க பிள்ளைகளுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கேன். வந்து எடுத்துட்டுப் போங்க."

கோமுவுக்கு அதைக் கேட்டதும் வெட்கம் வந்திருக்கலாம். இரண்டு பிள்ளைகளின் பசித்த வாயை நினைத்து வாங்கிக்கொண்டும் இருக்கலாம். அவளுக்கு வந்தது அது இல்லை. எட்டுச் சிரட்டையா? கொடுப்பதற்கே எட்டு இருந்தால், தனக்கென்று எத்தனை வைத்திருப்பாள்! அடங்கியிருந்த எரிச்சல் இன்னும் ஒரு மடங்கு ஏறியது.

"உன் நெல்லத் தின்னு எம் பிள்ளைக வளர வேண்டாம். போறவன் வாறவன்கிட்ட கையேந்தினாலும் ஏந்துவேன், உன்கிட்ட ஏந்த மாட்டேன்!" என்று சொல்லிவிட்டு விருட்டென்று பறந்தாள்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. மேலே பிள்ளைகள் இரண்டும் பசி பொறுக்காமல் வாயைப் பிளந்து கத்தின. கீழே பொந்துக்குள் பூரணத்தின் பிள்ளைகள் நெல்லைக் கொறிக்கிற சத்தம் கேட்டது. சுடலை அவளைப் பார்த்தான். சொன்னதைச் சொல்லியாயிற்றே. கோமு மழையில் நனைந்துகொண்டே மனிதர்கள் குடியிருக்கிற தெருவுக்குப் போனாள். ஒரு வீட்டுச் சுவரில் உட்கார்ந்து "கா, கா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். உள்ளே இருந்து ஒருத்தி வந்து ஒரு கைப்பிடி சோறு வைத்தாள். கோமு பாதியைத் தின்று, மீதியை அலகில் அள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனாள். அடுத்த நாளும் வந்தாள். மழை விட்டபிறகும் வந்தாள்.

அப்படி வந்த ஒரு நாள், கிணற்றடிக் கல்லின்மேல் இரண்டு சோப்பு இருப்பதைப் பார்த்தாள். ஒன்று புதுசு, கனமாக இருந்தது. மற்றது நாள்பட உழைத்துத் தேய்ந்து, வெற்றிலை மாதிரி மெலிந்து கிடந்தது. கோமுவின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 'இத்தன நாள் தீராம இருந்திருக்கே. இதுதான் அது. அண்ணாச்சி அவளுக்கு ரகசியமாக் குடுத்தது இதுதான்.' புதுசை விட்டுவிட்டுத் தேய்ந்ததைக் கொத்திக்கொண்டு பறந்தாள். ஓட்டுக்கூரையில் உட்கார்ந்து ஒரு கொத்து கொத்திப் பார்த்தாள். வாயெல்லாம் நுரை. அது இல்லை. போட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்தாள்.

அன்று முதல்தான் மைனாவுக்குக் கண்ணோரமும் அலகும் காலும் மட்டும் மஞ்சளாக இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அதற்கு அவ்வளவே போதுமானதாகவும் இருக்கிறது. அன்று முதல்தான் காக்கையும், பக்கத்துப் பொந்தில் நெல் இருக்க, நம் வீட்டுச் சுவரில் வந்து சோற்றுக்குக் கத்துகிறது. சோற்றைத் தின்ற கையோடு கிணற்றடிக்குப் போய், இன்னும் நாலு நாள் ஓட்டலாம் என்று நாம் பத்திரமாக வைத்திருக்கும் அந்த மெலிந்த சோப்பைத்தான் தேடித் தூக்குகிறது.