அமுதினி எங்கே போனாள்

குரு என்றதும் உங்களுக்குத் தாடியும் கமண்டலமும் நினைவுக்கு வந்தால் அவற்றைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தக் குருவின் பெயர் மரகதவல்லி. நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். திருச்சி உறையூரில் ஒரு மாடி வீடு. பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போடும் பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். யாரோ ஒருவர் டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கி அதுவே நிலைத்துவிட்டது.

சீடர் அருமைநாதன் அவரைவிட நன்றாகவே மூத்தவர். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விண்வெளிக் கதைகள்தான் எழுதுவார். மனைவி ஃபிலோமினா இறந்த பிறகு 'வியாழனில் மழைக்காலம்' என்று ஒரு நாவல் எழுதினார். பதிப்பகங்கள் கையை விரித்தன. கிரகமும் ராக்கெட்டும் தமிழில் போகாது என்றார்கள். சரிதான் என்று தானே அச்சடித்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு வருடமாக அவர் வகுப்புக்கு வரவில்லை. நாவலைக் கூவி விற்கவே பொழுது போதவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் திடீரென்று வந்து நின்றார். ஆள் இளைத்துப்போயிருந்தார். பையிலிருந்து நாவலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"உக்காருங்க சார். கேளுங்க."

"இந்தப் புத்தகம் ஜனங்ககிட்ட போய்ச் சேர நான் இன்னும் என்ன செய்யணும்?"

"இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?"

செய்யாதது என்ன என்று கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக முடிந்திருக்கும். மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா நடத்தியிருந்தார். முதல் பிரதியைப் பெற்றுக்கொண்ட சிறப்பு விருந்தினர், காரில் வரும்போதுதான் பின்னட்டையைப் படித்தேன் என்று மேடையிலேயே சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். ஃபேஸ்புக்கில் தினம் ஒரு பதிவு. வாரம் ஒரு ரீல்ஸ். மகனின் நண்பர்களை வைத்து ஒரு டீசர். புத்தகக் கண்காட்சியில் வாடகைக்கு எடுத்த விண்வெளி உடுப்பில் நாள் முழுக்க வேர்த்து ஊற்ற நின்றார். பிள்ளைகள் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடையில் கலரிங் புத்தகம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எல்லாவற்றையும் மரகதவல்லி கேட்டுக்கொண்டார்.

"விமர்சனம் வந்துச்சா?"

"நிறைய டீச்சர். எல்லாருமே அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க. ஒரே மூச்சுல படிச்சேன்னு எழுதியிருக்காங்க. கீழே வைக்க மனசே வரலைன்னு எழுதியிருக்காங்க."

"அப்புறம் என்ன சார் குறை?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"தெரியலை. யாரும் எங்கிட்ட எதுவும் கேக்க மாட்டேங்கறாங்க."

"என்ன கேக்கணும்னு எதிர்பார்க்கறீங்க?"

மரகதவல்லி நாவலை அவர் பக்கம் தள்ளினார்.

"பதினைஞ்சாவது அத்தியாயத்தை வாசிங்க. கொஞ்சம் சத்தமா."

அருமைநாதனின் கை புத்தகத்தைத் தொடவில்லை.

"அதை நான் எந்தக் கூட்டத்துலயும் வாசிச்சது இல்லை டீச்சர். முதல் அத்தியாயம்தான் வாசிப்பேன்."

"இங்க கூட்டம் இல்லையே."

அந்த அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாவலில் ஆதன் என்பவன் வியாழனுக்குக் கப்பல் ஓட்டிப்போகிறான். அவனுடைய மனைவி அமுதினி அதே கப்பலில் ஒரு குளிர்ப்பெட்டிக்குள் தூங்குகிறாள். போய்ச் சேர்ந்ததும் எழுப்ப வேண்டும். தினமும் வேலை முடிந்ததும் அவன் பெட்டியருகே உட்கார்ந்து அவளோடு பேசுகிறான். ஒரு கட்டத்தில் அவள் இனி எழ மாட்டாள் என்று தெரிந்துவிடுகிறது. பெட்டியின் விசையை அவன் தன் கையாலேயே அணைக்கிறான். அதுதான் பதினைந்தாம் அத்தியாயம்.

ஃபிலோமினா மூளையில் ரத்தம் கசிந்து நினைவில்லாமல் கிடந்தபோது, பேசினால் கேட்கும் என்று நர்ஸ் சொன்னதை நம்பி அருமைநாதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் சுவாசக் குழாயை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். மகன் அப்போது வெளிநாட்டில் இருந்தான். அம்மா தானாகவே போய்விட்டாள் என்றுதான் இன்றுவரை அவனுக்குத் தெரியும். இதை அவர் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. வியாழன் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் பிரித்தார்.

"பதினைந்து. 'அமுதினி, இன்றைக்கு வியாழனின் சிவப்புக் கண் தெரிந்தது என்றான் ஆதன். பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்து...'"

நிறுத்தினார். முன்னால் புரட்டினார். மறுபடி பின்னால் வந்தார்.

"இது பதினாலு."

"ஆமா."

"பதினாலாவதுதான் மறுபடியும் வந்திருக்கு. தலைப்புல மட்டும் பதினைஞ்சுன்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

பதினாறுக்குப் போனார். அங்கே ஆதன் வியாழனின் ஒரு நிலவில் இறங்கி, தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பெட்டியும் இல்லை. அமுதினியும் இல்லை.

அருமைநாதன் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். புத்தகத்தை வடிவமைத்த பையன் பக்கங்களைச் சரிபார்க்கச் சொல்லி ஃபோனில் அனுப்பியது நினைவுக்கு வந்தது. டீசர் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிப் பேப்பர் ஒட்டிய ஹெல்மெட் தலையில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. ஓகே, பிரிண்ட் போடுங்க என்று அடித்து அனுப்பிவிட்டு அவர் ஹெல்மெட்டைப் பிடிக்கப் போனார். டீச்சரிடம் மெய்ப்புக்குக் கொடுத்தால் நாள் இழுக்கும் என்று அவரிடமும் கொடுத்திருக்கவில்லை.

"அதுதான் டீச்சர் நாவலே. மத்ததெல்லாம் அதைச் சுத்திக் கட்டின சுவரு."

அவர் பக்கங்களை மறுபடியும் புரட்டினார்.

"இத்தனை பேர் வாங்கியிருக்காங்க. ஒரே மூச்சுல படிச்சாங்களாம். அமுதினி எங்க போனான்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே."

"ஒருத்தர் கேட்டாங்க."

"யாரு?"

மரகதவல்லி தன் ஃபோனில் எதையோ தேடி எடுத்து அவரிடம் நீட்டினார். போன வருடம் அருமைநாதன் போட்ட ரீல்ஸ் அது. விண்வெளி உடுப்பில் கையசைத்துக்கொண்டிருந்தார். கீழே வாழ்த்துகளுக்கு நடுவே மரகதவல்லியின் பெயரில் ஒரு வரி இருந்தது. 'சார், பதினாலுக்குப் பிறகு அமுதினி எங்கே போனாள்?' அதற்கு அவருடைய பதிலும் இருந்தது. மூன்று கும்பிடு. ஒரு சிவப்பு இதயம். 'மிக்க நன்றி டீச்சர், உங்கள் ஆதரவு தொடரட்டும்.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஃபோன் பண்ணியிருக்கலாமே டீச்சர்."

"பண்ணினேன். நாளைக்கு லைவ் இருக்கு, அவசியம் வந்துடுங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க."

வெளியே மழை வலுத்தது. மரகதவல்லி எழுந்துபோய் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தார். அருமைநாதன் அதைத் தொடவில்லை. அவருக்குத் தன்மேல் வந்த வெறுப்பு இருக்க இடம் இல்லாமல் மற்றவர்கள்மேல் திரும்பியது. மனுஷர்கள் எல்லாருக்கும் நடப்பதுதான்.

"நான் விட மாட்டேன்," என்றார். "யார் யார் என்னென்ன எழுதினாங்கன்னு எல்லாம் இருக்கு. இன்னிக்கே ஒரு பதிவு போடறேன். பேரோட. இவங்க யாருமே படிக்கலைன்னு ஊருக்கே தெரியட்டும்."

"போட்டா?"

"அவங்க மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாங்கன்னு பாக்கறேன்."

"அமுதினி வந்துடுவாளா?"

"வர வேண்டாம் டீச்சர். ஆனா பொய் சொன்னாங்க இல்ல? என் பொண்டாட்டி சாவுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துட்டுப் போயிட்டாங்க. படிக்காமயே. அவங்களுக்கு ஒரு மனசாட்சி வேண்டாமா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மரகதவல்லியின் முகத்தைப் பார்த்தார். அதில் ஆச்சரியம் ஏதும் இல்லை.

அருமைநாதன் ஃபோனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். முதல் பெயரை அடித்தார். இரண்டாவதை அடித்தார். விரல் வேகமாகப் போயிற்று. அவரைத் தடுக்கிற எண்ணம் மரகதவல்லிக்கு இருந்ததாகத் தெரியவில்லை. காபியைக் குடித்து முடித்தார். பிறகு உள்ளறைக்குப் போய் ஒரு மெல்லிய புத்தகத்தோடு திரும்பினார். அட்டையில் இரண்டு நிலாக்கள். மரகதவல்லி எழுதிய ஒரே நாவல். அதையும் அவரே காசு போட்டு அச்சடித்திருந்தார்.

"போடறதுக்கு முன்னாடி இதுல கடைசிப் பக்கத்தை வாசிச்சுடுங்க சார்."

"இதுவா? இது எங்கிட்ட இருக்கே டீச்சர்."

"இருக்கும். வாசிங்க."

அருமைநாதன் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"'வெளியே மூச்சு விடுவதற்குக் காற்று இருக்கிறதா என்று தெரியாது. உள்ளே அது தீர்ந்துகொண்டிருந்தது. அவள் தாழ்ப்பாளில் கை வைத்து...'"

பக்கத்தைத் திருப்பினார். பின்னட்டை வந்தது.

"மிச்சம்?"

"கடைசி ஃபாரம் பைண்டிங்ல விட்டுப்போச்சு. பதினாறு பக்கம்."

"இந்தப் பிரதியிலயா?"

"எல்லாத்துலயும்."

அவர் மறுபடி அந்தப் பாதி வாக்கியத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஃபோனில் அடித்து வைத்திருந்த பெயர்கள் திரையில் அப்படியே இருந்தன. கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது.

"டீச்சர்," என்றார். "நான் இதுக்கு ஒரு பத்திரிகையில விமர்சனம் எழுதினேன்."

"எழுதினீங்க. அதை வெட்டி எடுத்துக்கிட்டுதான் முதல்முதலா இந்த மாடி ஏறி வந்தீங்க."

"அவ கதவைத் திறந்து வெளியே வர்ற இடத்துல அழுதுட்டேன்னு எழுதியிருந்தேன்."

"ஆமா. நல்லா எழுதியிருந்தீங்க."

"அப்ப அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அருமைநாதன் தலையைக் குனிந்துகொண்டார். காபியில் ஆடை படிந்திருந்தது.

"தெரிஞ்சும் என்னை எதுக்கு உள்ள சேத்துக்கிட்டீங்க?"

மரகதவல்லி அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினார்.

"அந்தப் புத்தகத்தைப் பத்தி எழுதினது நீங்க ஒருத்தர்தான் சார்."